கொள்ளுத் தாத்தாவின் அப்பா யார்? – வாசகர் கேள்வி பதில்

குடும்ப வரலாறு தேடுவது பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

என் தாத்தாவின் அப்பா பெயர் கருப்பையா என்கிறார்கள், சிலர் கருப்பண்ணன் என்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இணையத்தில் தேடினால் வெள்ளைக்காரர்களின் வம்சாவளிதான் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், திண்டுக்கல்

இணையத்தை மூடிவிட்டுப் பரணில் ஏறுங்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரே குடும்பப் பெயர் பல தலைமுறையாக வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடுகிறார்கள். நமக்குத் தலைமுறைக்கு ஒரு இனிஷியல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால், ஒரே ஊரில் ஒரே காலத்தில் பங்காளிகளுக்குள்ளேயே நாலு கருப்பையா இருப்பார்கள். பெயரைத் துரத்திக்கொண்டு போனால் வேறு யாரோ ஒரு கருப்பையாவிடம் போய் நிற்பீர்கள். துரத்த வேண்டியது ஊர், நிலம், கொண்டான் கொடுத்தான். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் அவர் உங்கள் கருப்பையா.

வீட்டில் முதலில் தேட வேண்டியது சொத்துப் பத்திரம். அடுத்து மொய் நோட்டு. பலர் அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. கல்யாணத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் வந்தார்கள் என்பது அதில் ஊர்வாரியாக இருக்கும். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தால் அது அநேகமாகப் பாட்டியின் பிறந்த ஊர், அல்லது பங்காளிகள் பிரிந்துபோன ஊர். பிறகு கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதக நோட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, அரசு வேலையில் இருந்தவர் என்றால் ஓய்வூதிய ஆணை. எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தில்தான் பல நேரம் தேதி இருக்கும்.

ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எண் போடுவதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா. அதோடு ஒன்றைக் கூட்டினால் அவருடைய அம்மா. அப்பாவைப் பெற்ற தாத்தா 4 என்றால் உங்கள் கருப்பையா 8. தாத்தாவின் உடன்பிறந்தவர்களுக்கு 4அ, 4ஆ என்று போடலாம். பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே பெயராக இருந்தாலும் எண் குழப்பாது. ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: 'பத்திரம்', 'சின்னத்தாத்தா சொன்னது', 'ஊகம்'. ஊகத்தைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், நாமே ஊகித்தது நமக்கே உண்மையாகத் தெரியும்.

பாட்டிக்கு 88 வயது. கேட்டால் 'அதெல்லாம் யாருக்கு ஞாபகம்' என்று முடித்துவிடுகிறார். எப்படிக் கேட்பது?
– வாசகி, மன்னார்குடி

'எந்த வருஷம்?' என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். அவர் தலைமுறைக்குக் காலம் என்பது சம்பவம். 'தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ அத்தை பிறந்தாச்சா?' என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர். காந்தி சுட்டுக் கொல்லப்பட்டது 1948 ஜனவரி, எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, நாகப்பட்டினம் பக்கம் பெரும்புயல் 1977 நவம்பர். 'பெரியவர் கல்யாணத்துல யார் கைக்குழந்தை?' என்ற ஒரு கேள்வியில் இரண்டு பேரின் வயது அகப்படும். பழைய போட்டோவை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பேச்சு தானாக வரும். போட்டோவுக்குப் பின்னால் பேர் எழுதுவதானால் மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விடும்.

உறவுமுறைச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பாட்டி 'பெரியப்பா' என்றால் அது அப்பாவின் அண்ணனாக இருக்கலாம், பங்காளியாக இருக்கலாம், பெரியம்மாவின் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். 'மாமா' இன்னும் மோசம்: தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர், மாமனார் மூவரும் மாமாதான். ஒவ்வொரு முறையும் 'கூடப்பிறந்தவரா, சித்தப்பா பெரியப்பா மகனா?' என்று உறுதிசெய்யுங்கள்.

இரண்டாம் தாரம், சுவீகாரம், வீட்டை விட்டுப் போனவர் பற்றிய பேச்சு நாலு பேர் நடுவே வராது. தனியாக இருக்கும்போது கேளுங்கள். அவர் எழுத வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். போனில் பதிவு செய்வதையும் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் களைப்பில் பெயர்கள் கலந்துவிடும். கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: ஒவ்வொரு மருமகளும் எந்த ஊரிலிருந்து வந்தவர். ஆண்களின் பெயரை யாராவது எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். பெண்களின் ஊர் பாட்டியோடு போய்விடும்.

எங்களிடம் உள்ள பழைய பத்திரத்தில் 'பிங்கள வருஷம் மாசி மாதம் 12ந் தேதி' என்று இருக்கிறது. கூடவே 'கொல்லம் 1093' என்றும் இருக்கிறது. இது எந்த ஆண்டு? சில இடங்களில் எழுத்தே புரியவில்லை.
– வாசகர், தென்காசி

தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ வருஷம் 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரலில் தொடங்கியது. பிங்கள 51-ஆவது, எனவே அது 1857-58, 1917-18, 1977-78 ஆகிய மூன்றில் ஒன்று. உங்களுக்கு நல்ல வேளையாகக் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் அதை எழுதும் வழக்கம் உண்டு. ஆவணி முதல் டிசம்பர் முடிய என்றால் 824, ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825 கூட்ட வேண்டும். 1093-உடன் 825 கூட்டினால் 1918. ஆக, உங்கள் பத்திரம் 1918 பிப்ரவரி பிற்பகுதியில் எழுதப்பட்டது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பிங்கள என்றால் 1917 என்று அட்டவணையில் பார்த்துவிட்டு மாசியையும் 1917-இல் போட்டுவிடுவார்கள். தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மார்கழி இரண்டிலும் கால் வைக்கும்.

வருவாய்த்துறைக் காகிதங்களில் பசலி ஆண்டு இருக்கும். ஜூலை முதல் தேதி தொடங்கும். 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு. பசலி 1327 என்றால் 1917 ஜூலை முதல் 1918 ஜூன் வரை. உங்கள் பத்திரத்தோடு தீர்வை ரசீது ஏதும் கிடைத்தால் இந்தக் கணக்கு ஒத்துவருகிறதா பாருங்கள்.

கொல்லமும் பசலியும் இல்லாத பத்திரத்தில் 60 ஆண்டுக் குழப்பத்தை முத்திரைத்தாள் தீர்க்கும். அதில் யார் தலை? விக்டோரியா என்றால் 1901-க்கு முன், எட்வர்ட் 1901 முதல் 1910, ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936, அதன் பிறகு ஆறாம் ஜார்ஜ், சுதந்திரத்துக்குப் பின் சிங்க முத்திரை. பழைய தாள் கையிருப்பில் இருந்து பிறகு விற்றதும் உண்டு. எனவே தலை காட்டுவது அதற்கு முந்தையது அல்ல என்பதை மட்டும்தான். தாளின் பின்னால் முத்திரைத்தாள் விற்பனையாளர் போட்ட தேதியும், வாங்கியவர் பெயரும் ஊரும் இருக்கும். வாங்கியவர் சில சமயம் மகனோ மருமகனோ. அது இன்னொரு உறவு.

புரியாத எழுத்துகள் பெரும்பாலும் எண்களும் குறிகளும்தான். ௧ 'க' போலவும், ௨ 'உ' போலவும், ௫ 'ரு' போலவும், ௬ 'சு' போலவும், ௭ 'எ' போலவும், ௮ 'அ' போலவும் இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய முறையில் 1918 என்பது ௲௯௱௰௮. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். அடிக்கடி வரும் ௸ என்பது 'மேற்படி'. '௸யார் குமாரர்' என்று வந்தால், முந்தைய வரியில் கடைசியாகச் சொல்லப்பட்டவர் யார் என்று விரல் வைத்துப் பார்த்து எழுதுங்கள். அவசரத்தில் இங்கே ஒரு தலைமுறையே காணாமல் போகும்.

நிலப் பதிவுகளிலிருந்து எத்தனை தலைமுறை பின்னால் போகலாம்? எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, விருத்தாசலம்

கையில் இருக்கும் பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொன்றிலும் சொத்து எப்படி வந்தது என்று ஒரு பத்தி இருக்கும்: 'பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு' (முன்னோர் வழியில் உரிமையாகி) என்றோ, இன்ன ஆண்டு இன்ன எண் கிரயப் பத்திரப்படி என்றோ. அந்த எண்ணையும் ஆண்டையும் கொடுத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டால் தாய்ப்பத்திரம் கிடைக்கும். அதிலிருந்து அதற்கு முந்தையது. வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய காலத்துக்குத்தான் கிடைக்கும். அதற்கு முன் என்றால் அலுவலகத்தில் கைத்தேடலுக்கு மனு கொடுக்க வேண்டும். சர்வே எண் தெரியாதா? எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்கென்று ஓர் அட்டவணையும், சொத்துக்கென்று இன்னொரு அட்டவணையும் பதிவுச் சட்டப்படி வைத்திருக்கிறார்கள். கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். தாத்தா காலத்தில் அந்தக் கிராமம் வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். 'பதிவு இல்லை' என்ற பதிலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

குடும்ப வரலாற்றுக்குக் கிரயப் பத்திரத்தைவிட மூன்று காகிதங்கள் உயர்ந்தவை. ஒன்று பாகப்பிரிவினைப் பத்திரம்: அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும், இறந்தவரின் வாரிசுகளும் வரிசையாக இருப்பார்கள். இரண்டு விடுதலைப் பத்திரம்: சொத்தில் உரிமை வேண்டாம் என்று கட்டிக்கொடுத்த பெண்கள் எழுதித் தந்தது. வேறு எங்கும் கிடைக்காத அத்தை, பெரிய அத்தையின் பெயர் இதில் கணவர் பெயரோடும் ஊரோடும் இருக்கும். மூன்றாவது, சொத்து வழக்கின் வாதுரை. பாகவழக்கு நடந்த குடும்பம் என்றால் அதில் வம்சாவளிப் படமே போட்டிருப்பார்கள். வழக்கு நடந்த நீதிமன்றத்தில் வழக்கு எண்ணும் ஆண்டும் கொடுத்து நகல் கேட்கலாம். சண்டை போட்ட குடும்பங்களுக்குத்தான் நல்ல வரலாறு கிடைக்கிறது!

எந்தப் பத்திரத்திலும் நான்கெல்லையைத் தவறவிடாதீர்கள். 'கிழக்கே சின்னத்தம்பி பாகம், வடக்கே ராமசாமி வகையறா நிலம்' என்று இருக்கும். ஒரே பாட்டன் சொத்து பிரிந்தது என்றால் எல்லைக்காரர்களே பங்காளிகள். வாய்மொழியாகப் பாகம் பிரித்துப் பத்திரமே எழுதாத குடும்பங்களுக்கு இந்த ஒரு வரிதான் சாட்சி.

வருவாய்த்துறையில் கேட்க வேண்டியது அ-பதிவேடும் (சர்வே எண்வாரியான கிராம நிலப் பதிவேடு), பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீடும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பட்டா எண்கள் மாறின. அதற்கு முந்தைய எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை. ஜமீன் அல்லது இனாம் (மானியமாகக் கொடுத்த) கிராமமாக இருந்தால் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேளுங்கள். இனாம் வைத்திருந்த குடும்பம் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். 1860-களின் இனாம் பதிவேட்டில் யாருக்கு முதலில் கொடுத்தது, அப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் உண்டு.

வாயால் கேட்டு நடக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'என் முன்னோர் பற்றிய விவரம் தருக' என்று எழுதினால் மறுத்துவிடுவார்கள். 'இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இன்ன பதிவேட்டின் நகல்' என்றே கேளுங்கள். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அதே சட்டத்தில் கேட்கலாம்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. கூலி வேலைதான். எங்களுக்கு வரலாறே கிடையாதா?
– வாசகர், விழுப்புரம்

கிடைக்கும், வேறு இடத்தில். முதலில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர் எல்லாம் இருக்கும். தலைமையாசிரியரிடம் எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். அதில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடவைத்துச் சேர்த்த காலத்தில், ஆசிரியர் போட்டதே தேதி. அந்தக் காலத்தவர் பலருக்குப் பிறந்தநாள் மே, ஜூனில் வருவது அதனால்தான்.

பிறப்புப் பதிவேட்டில் தேடும்போது குழந்தையின் பெயரைத் தேடாதீர்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவதால் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் உத்தேச ஆண்டுக்கு முன்னும் பின்னும் மூன்று வருஷத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது கைமாறிய நோட்டுகளில் சில கிராமங்களுக்கு இடைவெளி உண்டு.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் நிலப் பத்திரத்தைவிட மேல். அங்கே கூலிக்காரரும் மிராசுதாரரும் ஒரே பதிவேட்டில். ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். கத்தோலிக்கப் பதிவேடு இலத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம், பத்துப் பன்னிரண்டு சொற்களே திரும்பத் திரும்ப வரும்.

இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பமா? 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்களிடம் குடும்ப அட்டையும் பயண ஆவணங்களும் இருக்கும். தோட்டத்தின் பெயரும், இந்தியாவில் பூர்வீக ஊரும் அவற்றில் அகப்படும். லேமினேஷன் செய்யாதீர்கள், பிரிக்கவும் முடியாது, மங்குவதும் நிற்காது.

குலதெய்வம் தெரியவில்லை. குறி கேட்டுக் கண்டுபிடிக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

குறி சொல்பவரைவிடப் பங்காளி வீட்டுக் கிழவிக்கு அதிகம் தெரியும். தாத்தாவுக்கோ அவர் தம்பிக்கோ முதல் மொட்டை எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். கோயில் தெரிந்ததும் சாதாரண நாளில் போகாமல், தென் மாவட்டத்துச் சாஸ்தா என்றால் பங்குனி உத்திரத்துக்கு, மற்ற பல கோயில்களுக்கு மாசி சிவராத்திரிக்குப் போங்கள். பிரிந்துபோன பங்காளிகள் அன்றுதான் வருவார்கள். தலைக்கட்டு வரி வசூலிப்பவரிடம் நோட்டு இருக்கும். அதுவே ஒரு குடும்பப் பட்டியல்.

என் பூட்டி சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். பழைய சான்றிதழில் ஓர் எண் இருக்கிறது. அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, டர்பன்

ஊர் வரை போகலாம். குடும்பத்தைக் கண்டுபிடிப்பது அபூர்வம். அந்த நினைப்போடு இறங்குங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குக் கொடுத்த எண் அது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் வந்தார்கள். கப்பல் பட்டியலில் எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டங்கள் உண்டு. பட்டியல்கள் குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் இருக்கின்றன.

இன்றைய குடும்பப் பெயரை வைத்துத் தேட வேண்டாம். மூன்சாமி என்பது முனுசாமி என்ற ஒரு மனிதரின் பெயர். பிள்ளைகளுக்கு அது குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. கோவெண்டர் கவுண்டரிலிருந்தும் மூட்லி முதலியிலிருந்தும் வந்தவை. பட்டியலில் இருப்பது தனிப்பெயர் மட்டும், அதுவும் குமாஸ்தா காதில் விழுந்தபடி.

ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடுவது அடுத்த பிசகு. 1911-க்கு முன் வடஆற்காட்டில் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, போளூர், வந்தவாசியோடு ஆந்திராவின் சித்தூரும் சேர்த்தி. திருவண்ணாமலை அப்போது தென்னாற்காட்டில், திருப்பத்தூர் சேலத்தில். எனவே ஜில்லா, தாலுகா, கிராமம் என்ற வரிசையில் சுருக்கிக்கொண்டு வாருங்கள். புதூர், நல்லூர் என்று பத்து ஊர் வந்தால், டர்பனில் உங்கள் வீட்டில் இன்றும் கும்பிடும் அம்மன் எது, எந்த மாதம் பொங்கல் வைக்கிறீர்கள் என்பது தேர்வு செய்ய உதவும்.

என் அப்பா அக்கா மகளைக் கட்டியவர். வம்சாவளிப் படம் வரைந்தால் கோடுகள் சிக்கிக்கொள்கின்றன. மரபணுச் சோதனை செய்தால் தெளிவாகுமா?
– வாசகர், மதுரை

இன்னும் சிக்கலாகும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டியவர்களுக்குப் பொது மரபணு கூடிக்கொண்டே போகும். சோதனை நிறுவனம் நெருங்கிய சொந்தம் என்று காட்டுபவர் உண்மையில் தூரத்துச் சொந்தமாக இருப்பார்.

படத்துக்கு வழி இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன எண் முறைப்படி உங்கள் அம்மாவின் அம்மா 7. அவர் உங்கள் அப்பாவின் அக்கா. ஆகவே அவருடைய பெற்றோர் 14, 15 ஆகியோரும் உங்கள் அப்பாவைப் பெற்ற 4, 5 ஆகியோரும் ஒருவரே. 14-ஆம் பக்கத்தில் 'பார்க்க: 4' என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள். மாமன் மகள், அத்தை மகள் கல்யாணத்துக்கும் இதே வழிதான். கணினியில் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஒரே ஆளை இரண்டு முறை பதியாமல், ஏற்கெனவே பதிந்தவரை எடுத்து இணைத்தால் கோடுகளை அதுவே பார்த்துக்கொள்ளும். பொது இணையதளத்தில் ஏற்றுவதானால் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.